மூன்று மாநிலங்களில் கிடக்கும் ஒரே மாந்தோப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், வேப்பனப்பள்ளிக்கு அருகே ஆறு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருப்பவன் நான். தை பிறந்து இரண்டு வாரம் ஆகிறது. எங்கள் பக்கத்துத் தோப்புகள் பூத்து நிற்கின்றன. மாங்காய் விலை வீழ்ந்தது, காயைச் சாலையில் கொட்டினார்கள் என்ற செய்தி நாளிதழ்களில் வருவது ஆனி மாதத்தில்தான். அதற்குப் பிறகு மனு கொடுக்கிறோம், அதிகாரிகள் கூட்டம் போடுகிறார்கள், நிவாரணம் பற்றிப் பேச்சு நடக்கிறது. ஆனால் முற்றிய காய் யாருடைய பேச்சு முடியட்டும் என்றும் மரத்தில் காத்திருப்பதில்லை. அதனால்தான் இந்தப் பேச்சைப் பூவிலேயே தொடங்க வேண்டும் என்று கருதி இப்போது எழுதுகிறேன்.

2025ஆம் ஆண்டுப் பருவத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தோப்பில் முக்கால் பங்கு மரங்கள் பெங்களூரா. தோத்தாபுரி என்றும், கிளிமூக்கு என்றும் மற்ற ஊர்களில் சொல்வதும் இதைத்தான். அந்த ஆண்டு காய்ப்பு நன்றாக இருந்தது. வலைத்துரட்டி போட்டுக் காம்போடு பறித்து, பால் வடியவிட்டு, நான்கு டன் காயை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஒரு மாங்கூழ் ஆலையின் வாசலுக்குப் போனேன். எனக்கு முன்னால் வண்டிகள் சாலை வளைவு வரை நின்றிருந்தன. இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் அங்கேயே கழிந்தன. இரண்டாம் நாள் மாலை தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தபோது, அடியடுக்குக் காய்கள் சூட்டில் மெத்தென்று ஆகி, காம்பு முனையில் கறுத்து, புளித்த வாடை அடித்தது. எடை மேடையில் அதற்கெனத் தனியாகக் கழிவு பிடித்தார்கள். மீதிக் காய்க்குக் கிலோ 4 ரூபாய் என்றார்கள். பறிகூலியும் ஏற்றுகூலியும் வண்டி வாடகையும் போக, ஓர் ஆண்டு உழுது, மருந்தடித்து, காவல் காத்ததற்கு என் கையில் எதுவும் நிற்கவில்லை. என்னுடன் வரிசையில் நின்றவர்களில் ஒருவர் தம்முடைய வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். காயை எங்கே கொட்டினார் என்று நான் கேட்கவில்லை.

வேப்பனப்பள்ளிப் பக்கம் வந்து பார்த்தவர்களுக்கு இந்த நிலத்தின் அமைப்பு தெரியும். சில மைல்களுக்குள் ஆந்திர எல்லையும் கர்நாடக எல்லையும் வந்துவிடும். கிழக்கே சித்தூர் மாவட்டம், வடக்கே சீனிவாசபுரம் மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்ற கோலார் மாவட்டம், இந்தப் பக்கம் நாங்கள். ஒரே செம்மண், ஒரே மழை, ஒரே ரகம், ஏறக்குறைய ஒரே பறிப்புக் காலம். மாங்கூழ் ஆலைகள் சித்தூரிலும் கிருஷ்ணகிரியிலும்தான் கூட்டமாக இருக்கின்றன. உண்மையில் இது மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் ஒரே தோப்பு. ஆனால் விலை விழுந்தபோது ஒவ்வொரு மாநிலமும் தன் துண்டை மட்டும் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தது. ஆந்திரத்தில் கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்து, அதில் 8 ரூபாயை ஆலைகளும் 4 ரூபாயை மாநில அரசும் தர வேண்டும் என்றார்கள். கர்நாடகத்துக்கு, விலை வீழும் விளைபொருளுக்கு அரசு கைகொடுக்கும் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ், குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்ற அடிப்படையில், சந்தை விலை அதற்குக் கீழே போனால் வரும் விலை வித்தியாசத்தை இரண்டரை லட்சம் டன் வரை வழங்க மத்திய அரசு ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், வெளிமாநிலப் பெங்களூரா உள்ளே வரக் கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக முதலமைச்சர் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது போனது. தமிழ்நாட்டிலிருந்தும் மத்திய அரசுக்குக் கோரிக்கை சென்றது. ஆனால் பருவம் முடியும் வரை என் கைக்கு வந்தது ஆலை வாசலில் கிடைத்த அந்த 4 ரூபாய் மட்டுமே. சித்தூர் விவசாயியின் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவரும் என்னைப் போல வரிசையில் நின்றவர்தான். ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காய்த்த ஒரே காய்க்கு மூன்று விதமான கணக்கு எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி.

உலகில் விளையும் மாம்பழத்தில் பத்தில் நான்கு பங்கு இந்தியாவில் விளைகிறது, ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கும் மேல் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் ஒன்றோடொன்று சேராத பல வேளாண்மைகள் அடங்கியிருக்கின்றன. இந்த நாட்டில் மாம்பழப் பருவம் தெற்கிலிருந்து வடக்கே நடந்து போகிறது. பாலக்காட்டு முதலமடையில் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே காய் இறங்கிவிடுகிறது. பிறகு ரத்னகிரி, சிந்துதுர்க் பகுதிகளின் அல்போன்சா, ஆந்திரத்தின் பங்கனப்பள்ளி, ஜூனாகத் பக்கத்துக் கேசர், வங்கத்து ஹிம்சாகர், பாகல்பூர் ஜர்தாலு என்று வரிசையாக வந்து, ஜூன் மாதத்தில் மலிஹாபாத்தின் தசேரி பழுக்கிறது. அது ஓய்ந்த பிறகு சௌசா ஆகஸ்டு வரை தாக்குப்பிடிக்கிறது. ஒன்று சந்தையை விட்டுப் போகும்போது இன்னொன்று வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயரும், அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கும் மக்களும் இருக்கிறார்கள். மலிஹாபாத் தசேரி 2009இலும், கிர் கேசர் 2011இலும், பங்கனப்பள்ளி 2017இலும், கொங்கணத்து அல்போன்சா 2018இலும் புவிசார் குறியீடு பெற்றது அந்தப் பெயர்களுக்குக் கிடைத்த மதிப்பு.

பெங்களூராவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்னவும், ஊறுகாய்க்கும் போவது கொஞ்சம். மிச்சம் முழுவதும் கூழாகி, டிரம்மில் அடைபட்டு, பெயரில்லாமல் கப்பலேறுகிறது, அல்லது குளிர்பானப் புட்டியில் கலக்கிறது. மூன்று மாவட்டங்களின் காயும் ஏறக்குறைய ஒரே ஒன்றரை மாதத்தில் முற்றுகிறது. அந்த ஒன்றரை மாதத்தில் வாங்குபவர் ஆலைக்காரர் ஒருவரே. முந்தைய ஆண்டின் கூழ் விற்காமல் கிடங்கில் தேங்கியதால்தான் 2025இல் கொள்முதலைக் குறைத்தோம் என்று ஆலைத்தரப்பு சொன்னது. அது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். கூழ் தேங்கிக் கிடப்பது ஆலைக்குத் தை மாதத்திலேயே தெரியும். எங்களுக்கு அது தெரிந்தது ஆனி மாதத்தில், வண்டி வரிசையில் நின்றபோதுதான்.

இந்த ரகத்தை ஏன் இவ்வளவு நட்டீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். என் தந்தை காலத்தில் எங்கள் தோப்பில் நீலம், மல்கோவா, செந்தூரா, பீத்தர் எல்லாம் கலந்து நின்றன. ஏக்கருக்கு நாற்பது மரம், முப்பத்து மூன்றடிக்கு ஒன்று என்ற பழைய கணக்கு. மல்கோவா ஓர் ஆண்டு காய்த்தால் மறு ஆண்டு மௌனமாக இருக்கும். வடக்கே தசேரியும் லங்கடாவும் அப்படித்தான், ஒன்றுவிட்டு ஓர் ஆண்டு காய்ப்பவை. பெங்களூராவோ ஆண்டு தவறாமல் காய்க்கும். தோல் தடித்தது, வண்டியில் அடிபட்டாலும் தாங்கும், கூழும் நிறைய வரும். ஆலைகள் கேட்டன, வங்கிகள் கடன் தந்தன, சந்தூர் நாற்றங்கால்களில் ஒட்டுக்கன்று எளிதாகக் கிடைத்தது. நாங்கள் நட்டோம். அன்றைக்கு அது புத்திசாலித்தனமான முடிவு. இன்றைக்கும் அதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தவறாமல் காய்க்கும் மரத்துக்குத் தவறாமல் வாங்கும் சந்தை இல்லாவிட்டால், அந்தக் குணமே சுமையாகிவிடுகிறது.

ரகத்தை மாற்ற வழி இல்லாமல் இல்லை. வளர்ந்த மரத்தின் கிளைகளை வெட்டி, துளிர்க்கும் இளங்கொம்புகளில் வேறு ரகத்தை ஒட்டுக்கட்டலாம். வேர் பழையது, பழம் புதியது. இமாம்பசந்த் கட்டலாம், அல்போன்சா கட்டலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த ரகங்கள் இருக்கின்றன. நம் நீலத்தை வடக்கத்தித் தசேரியோடு கலந்து டெல்லியில் உருவாக்கிய மல்லிகாவும் ஆம்ரபாலியும் இருக்கின்றன. தென்னாட்டு மரத்தின் ஆண்டுதோறும் காய்க்கும் குணத்தை வடநாட்டுப் பழத்தின் சுவையோடு சேர்க்கத் தெரிந்த நாடு இது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கும். ஆனால் கிளை வெட்டிய மரம் மீண்டும் வருமானம் தர மூன்று ஆண்டுகளாவது ஆகும். அந்த மூன்று ஆண்டுகள் ஆறு ஏக்கர்காரன் எதைச் சாப்பிடுவான் என்பதற்கு விடை சொல்லாமல், மாற்று ரகத்துக்குப் போங்கள் என்று கூட்டங்களில் அறிவுரை சொல்வதில் பொருள் இல்லை. தோப்பில் கால் பங்கை மட்டும் முதலில் மாற்றுவதற்கு, காய்ப்புக்கு வரும் வரை ஏக்கர் கணக்கில் உதவித்தொகை தந்தால், நானே நாளைக்கு அரிவாளை எடுக்கத் தயார்.

ஏற்றுமதிதான் தீர்வு என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாட்டின் மொத்த விளைச்சலில் பழமாக வெளிநாடு போவது ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. பழ ஈ காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் நம் மாம்பழத்துக்குத் தடை போட்டு, அடுத்த ஆண்டு விலக்கிக்கொண்ட அனுபவமும் நமக்கு இருக்கிறது. நல்ல பழத்துக்கு அந்த வாசல் திறந்தே இருக்கட்டும். டன் கணக்கில் இறங்கும் பெங்களூரா அதன் வழியாகப் போய்விடாது. பழக்கூழ் சார்ந்த பானங்களுக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது எங்களுக்கும் நல்ல செய்திதான். அந்தக் குறைப்பில் ஒரு பங்கு காயின் விலைக்கு வந்து சேர்கிறதா என்று யாராவது கணக்குக் கேட்க வேண்டும்.

நான் கேட்பது இதுதான். கிருஷ்ணகிரி, சித்தூர், கோலார் ஆகிய மூன்று மாவட்டங்களின் தோட்டக்கலை அலுவலர்களும், ஆலைப் பிரதிநிதிகளும், விவசாயிகளும் பூப்பருவத்திலேயே ஒரே மேசையில் உட்கார வேண்டும். மா என்று மொத்தமாக எழுதும் பரப்பளவுக் கணக்கை விட்டு, ரகவாரியாக, வட்டவாரியாக மரங்களை எண்ண வேண்டும். பூவை வைத்து மகசூலைச் சொல்ல முடியாது என்பார்கள், அது சரியே. இன்று காலை நான் கையில் பிடித்துப் பார்த்த ஒரு பூங்கொத்தில் ஆயிரம் பூவாவது இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். சாம்பல் நோய்க்கும், தத்துப்பூச்சிக்கும், மாசிப் பனிக்கும், கோடைக் காற்றுக்கும் தப்பிக் கடைசியில் நிற்பது ஒன்றோ இரண்டோ. அதனால் கணக்கை இரண்டு முறை எடுக்கட்டும்: பூவில் ஒரு முறை, காய் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் இன்னொரு முறை. ஆலைகள் தம் கிடங்கில் எவ்வளவு கூழ் இருக்கிறது, இந்த ஆண்டு எத்தனை டன் காய் வாங்குவோம் என்பதை எழுத்தில் தரட்டும். அதை வைத்து, பறிப்பு தொடங்கும் முன்பே, மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவான அடிப்படை விலையை அறிவிக்கட்டும். சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதி செலவை ஏற்க ஏற்கெனவே வழி இருக்கிறது. அதற்கான விண்ணப்பத்தை விலை விழுந்த பிறகு எழுதாமல் சித்திரையிலேயே எழுதி வைக்கட்டும். எந்தத் தேதியில் எந்த ஆலைக்கு யார் காய் கொண்டுவர வேண்டும் என்று டோக்கன் கொடுத்தாலே, வண்டியில் வெந்து வீணாகும் காயில் பாதி மிஞ்சும். எடைக் கழிவு எத்தனை விழுக்காடு என்பதை வாசலில் பலகையில் எழுதிவைப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

தோப்பைக் குத்தகைக்குக் கேட்டு வியாபாரி ஒருவர் அடுத்த வாரம் வருகிறார். சென்ற ஆண்டு தோற்றவர் அவரும்தான். இந்த முறை மரத்தைப் பார்க்கும் முன் ஆலை விலை என்ன என்று கேட்பார். அவரிடம் சொல்ல என்னிடம் விலை எதுவும் இல்லை. முதல் பெங்களூரா மரத்தைவிட்டு இறங்க இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

இப்படிக்கு,
மா விவசாயி ஒருவர்,
வேப்பனப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்.