புக்கிங்கும் கையில் எடுத்த ஆண்டு: லாரி உரிமையாளர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதம் தவறாமல் கூடியது. ஓட்டுநர்களுக்கான கண் பரிசோதனை முகாம் நல்லபடியாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்களிடம் நான் நேரில் பேசிக்கொள்கிறேன். ஆண்டு முழுக்க நம் பேச்சில் இருந்த விஷயம் வேறு, அதற்கு வந்துவிடுகிறேன்.

சொந்த வண்டி மட்டுமே ஓட்டிவந்த நம்மில் சிலர் இந்த ஆண்டு புக்கிங்கும், அதாவது லோடு பிடித்து வெளி ஆட்களின் வண்டியில் ஏற்றிக் கமிஷன் எடுக்கும் புரோக்கர் வேலையும், எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சரக்கு அனுப்பும் பார்ட்டி ஐந்து வண்டி கேட்கிறார், நம்மிடம் இரண்டுதான் நிற்கிறது. மூன்றுக்கு இல்லை என்றால், அடுத்த முறை ஐந்தையும் வேறு ஆபீசுக்குக் கொடுத்துவிடுகிறார். வெளி வண்டி பிடித்துக் கொடுத்தால் பார்ட்டியும் நம் கையில் இருப்பார், கமிஷனும் கிடைக்கும். வெளியூர் வண்டிக்காரர்களோடு பழக்கம் வந்துவிட்டால், நம் வண்டி ரிட்டர்ன் லோடு இல்லாமல் நாள் கணக்கில் கிடப்பதும் குறையும். இதை நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் வண்டி ஓட்டத் தெரிந்தால் புக்கிங்கும் தெரியும் என்று நினைத்துத்தான் இந்த ஆண்டு அடி வாங்கினோம்.

முதல் அடி பணத்தில். வாடகை நூறு, வெளி வண்டிக்குத் தொண்ணூறு, நமக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்காரருக்கு ஒரு வாரத்தில் கொடுத்தாக வேண்டும். பார்ட்டி கொடுப்பது அறுபதாம் நாள். தினம் ஒரு லோடு ஏற்றினால், முதல் பில் கைக்கு வருவதற்குள் ஐம்பது லோடுக்கு மேல் நம் பணம் வெளியே நிற்கும். அப்புறம், ஒரே ஒரு பார்ட்டி கைவிரித்தால், அந்தத் தொண்ணூறை மீட்க ஒன்பது லோடுக் கமிஷன் போக வேண்டும். சொந்த வண்டியில் பில் தாமதமானால் டயர் மாற்றுவதைத் தள்ளிப்போட்டுச் சமாளிப்போம். வெளி வண்டிக்காரரின் டயரைத் தள்ளிப்போட நமக்கு உரிமை இல்லை.

அப்படி ஒரு வெளி வண்டிக்காரர் நம் உறுப்பினர் ஒருவரின் ஆபீசுக்கு வந்திருந்தபோது நானும் இருந்தேன். சரக்கை இறக்கியதற்குச் சீல் வைத்துத் தரும் டெலிவரி சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கிரீஸ் கறை ஓரத்தில் ஏறியிருந்தது, சீல் மட்டும் தெளிவாக இருந்தது. அதை மேசையில் விரித்து, உள்ளங்கையால் நீவிவிட்டு, "பார்ட்டி கொடுத்ததும் தர்றேன்னு சொல்றீங்க. எனக்குப் பார்ட்டி நீங்கதானே அண்ணே" என்றார். உறுப்பினர் பதில் பேசவில்லை. அன்று மாலையே கடன் வாங்கி அவருக்குக் கொடுத்தார். அவர் செய்தது சரி என்று இந்தச் சபையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இரண்டாவது அடி, கைமாறும் லோடு. நாம் அனுப்பச் சொன்ன வண்டி எண் ஒன்று, ஏற்றும் இடத்துக்கு வந்து நின்றது வேறொன்று. ஓட்டுநரிடம் கேட்டால், நாம் கேள்விப்படாத ஓர் ஆபீஸ் பெயரைச் சொன்னார். நம்மிடம் லோடு வாங்கியவர் இன்னொருவருக்கு விற்று, அவர் மற்றொருவருக்கு விற்றிருக்கிறார். நாம் பேசிய வாடகையில் ஒரு பகுதிதான் அந்த ஓட்டுநரின் முதலாளிக்குச் சொல்லப்பட்டிருந்தது. சரக்கு ஏறிப் போயிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? ஓட்டுநர் மேல் தப்பில்லை. காலியாக வந்த தூரத்துக்கு எண்ணெய்க் காசு கொடுத்து அனுப்பிவிட்டு, இரவோடு இரவாக நம் வண்டியையே ஏற்றினோம். அன்றிலிருந்து வண்டி எண், இன்ஷூரன்ஸ், ஓட்டுநர் லைசென்ஸ் மூன்றையும் அந்த வண்டி முதலாளியிடமே பேசிச் சரிபார்த்த பிறகுதான் ஏற்றுகிறோம்.

மற்ற நாடுகளில் இதை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள் என்று குழுவில் படித்துப் பார்த்தோம். அமெரிக்காவில் மாநிலம் தாண்டிச் சரக்கு ஓட்ட அனுமதி வைத்திருப்பவர்கூட, புரோக்கர் வேலைக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். 75,000 டாலருக்கு ஜாமீன் பத்திரமோ வைப்புத் தொகையோ காட்ட வேண்டும். 2013க்கு முன் அது 10,000 டாலராக இருந்தது. புரோக்கர் வாடகை தராவிட்டால் வண்டிக்காரர் அந்த ஜாமீனில் கேட்கலாம். ஒவ்வொரு லோடின் கணக்கையும் மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அந்த லோடில் சம்பந்தப்பட்டவருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டு. ஐரோப்பாவில் எல்லை தாண்டும் சரக்குக்கு 1956ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி சரக்குச் சீட்டு மூன்று அசல்: ஒன்று அனுப்புபவருக்கு, ஒன்று சரக்கோடு, ஒன்று ஏற்றிச் செல்பவருக்கு. சரக்கை ஏற்றுக்கொண்டவர், தான் அமர்த்திய ஆட்களின் செயலுக்கும் தானே பொறுப்பு.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நம்மில் பலர் தடுமாறுகிறோம். நம் பெயரில் சீட்டுப் போட்டு வெளி வண்டியில் ஏற்றினால், சரக்கு நனைந்தாலும் குறைந்தாலும் பார்ட்டி நம்மைத்தான் பிடிப்பார். நம் வண்டிக்கு எடுத்த சரக்கு இன்ஷூரன்ஸ் வெளி வண்டிக்கும் செல்லும் என்று நம்பிவிட வேண்டாம்; பாலிசியை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். புரோக்கராக ஏற்பாடு செய்கிறோமா, நாமே ஏற்றிச் செல்வதாக ஒப்புக்கொள்கிறோமா என்பது பில்லில் தெளிவாக இருக்கட்டும்.

இன்னொன்று, சொல்லக் கொஞ்சம் சங்கடமானது. நல்ல லோடை நம் வண்டிக்கு வைத்துக்கொண்டு, இறக்குமிடத்தில் இரண்டு நாள் காக்கவைக்கும் லோடை வெளி வண்டிக்குத் தள்ளுகிறோம் என்ற பேச்சு இருக்கிறது. சில இடங்களில் அது உண்மையும்கூட. காத்திருப்பு வாடகையைப் பார்ட்டியிடம் வாங்கி, வண்டிக்காரருக்குக் கொடுக்காமல் விட்டதும் நடந்திருக்கிறது. நாம் வண்டிக்காரர்களாக மட்டும் இருந்தபோது எதற்காகப் புரோக்கர்களிடம் சண்டை போட்டோமோ, அதையே நாம் செய்யலாமா? எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம்.

ஆகவே, நிர்வாகக் குழு இன்று ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறது. புக்கிங் செய்யும் உறுப்பினர் அதற்குத் தனிக் கணக்கும் தனி வங்கிக் கணக்கும் வைக்க வேண்டும். டெலிவரி சீட்டு வந்த ஏழு நாளில், பார்ட்டி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், வெளி வண்டிக்குப் பாக்கி போய்ச் சேர வேண்டும். வாங்கிய லோடை இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது. பதிவு, வரி போன்றவற்றை அவரவர் கணக்காளரிடம் கேட்டு முடித்துக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும்.

ஏழு நாள் போதாது, பதினைந்து வேண்டும் என்று இரண்டு உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கடிதங்களை இப்போது வாசிக்கிறேன். அதன் பிறகு கை தூக்கி வாக்களிக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்