டைனோசர் இல்லாத ஊரிலிருந்து

உரும்பிராய்

அன்பின் இராசன்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. நாங்கள் இங்கே நலம். மழை இந்த முறை பிந்தி வந்தது, வந்தபின் விடுவதாயில்லை. வெங்காயம் நட்டவர்கள் பாடு திண்டாட்டம். உன் பழைய வளவுக்கு அடுத்த காணியில் புது வீடு எழும்புகிறது. அத்திவாரம் வெட்டக் கல் உடைக்கிற மெசின் வந்து, காதடைத்துப் போய்க் கிடக்கிறோம். ஆனால் அந்தச் சத்தத்தால் எனக்கு ஒரு நன்மை, அதைப் பிறகு சொல்கிறேன்.

பேரனைக் கூட்டிக்கொண்டு அங்கே கனடாவில் ட்ரம்ஹெல்லர் டைனோசர் அருங்காட்சியகம் போனது நல்ல காரியம். 1884 இல் நிலக்கரி தேடிப் போன டிரல் என்ற இளைஞர் அந்தப் பள்ளத்தாக்கில் டைனோசர் மண்டையோட்டைக் கண்ட கதையை நான் வகுப்பில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அவருடைய பெயரைத்தான் அந்த அருங்காட்சியகத்துக்கும் வைத்தார்கள். "யாழ்ப்பாணத்தில தோண்டினா டைனோசர் வருமா தாத்தா?" என்று பெடியன் கேட்டானாம். வராது என்று சொல். டைனோசர்கள் அழிந்து 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் காலுக்குக் கீழே இருக்கிற சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. அந்தக் காலம் தொடங்கியதே சுமார் 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். அப்போது இங்கே தரையே இல்லை, வெதுவெதுப்பான ஆழமில்லாத கடல். வேலண்ட், டேவிஸ் என்ற இருவர் 1923 இலேயே இலங்கையின் இந்த மயோசீன் பாறைகளைப் பற்றி இலண்டனில் எழுதிவைத்துவிட்டார்கள்.

ஆழமில்லாத கடல் என்று எப்படித் தெரியும் என்று அவன் அடுத்துக் கேட்பான். பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கிற நுண்ணிய பாசிக்கு வெயில் வேண்டும். ஆகவே அப்படிப்பட்ட பவளப்பாறை வளர்ந்த இடத்தில் வெளிச்சம் அடிவரை போயிருக்க வேண்டும். பவளம் வேறொன்றும் சொல்லும். 1963 இல் ஜோன் வெல்ஸ் என்ற அமெரிக்கர் சுமார் 38 கோடி ஆண்டு பழைய பவளங்களின் மெல்லிய வளர்ச்சிக் கோடுகளை எண்ணினார். நாளுக்கொரு கோடு என்று வைத்தால் ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 400 வந்தது. வருடத்தின் நீளம் மாறவில்லை, நாள்தான் அப்போது குறுகியது, 22 மணித்தியாலம் அளவில். சந்திரன் கடலை இழுத்து இழுத்துப் பூமியின் சுழற்சியை மெதுவாக்கிக்கொண்டு வருகிறது என்று வானியல்காரர் கணக்குப் போட்டுச் சொன்னதற்குக் கல்லில் சாட்சி கிடைத்தது. மச்சான், நீ படம் பிடித்து அனுப்பின அந்தப் பெரிய பல்லுக்காரன் இதையெல்லாம் சொல்வானா?

இப்போது மெசினுக்கு வருகிறேன். உடைத்துக் குவித்த கல்லில் நல்லதாக நாலைந்தைக் கேட்டு வாங்கி, கிணற்றடியில் வைத்துக் கழுவிப் பார்த்தேன். நத்தை, மட்டி வடிவத்தில் வெறும் பொந்துகள்தான் நிறைய. ஓடு கிடையாது, ஓடு இருந்த இடம் மட்டும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருந்து கரியமிலவாயுவை ஏற்றி, சற்றுப் புளித்துத்தான் கீழே இறங்குகிறது. அதில் நத்தையும் பவளமும் கட்டுகிற வகைச் சுண்ணாம்பு முதலில் கரையும். சிப்பியின் ஓடு தாக்குப்பிடிக்கும். ஆகவே கல்லில் சிப்பி கூடுதலாகத் தெரிகிறது என்பதற்காக அந்தக் கடலில் சிப்பிதான் கூட என்று சொல்லிவிட முடியாது. எனக்கு இந்த விசயத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான். எது வாழ்ந்தது என்பதோடு, எது தப்பிப் பிழைத்தது, ஏன் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் கணக்குச் சரிவரும். அந்தக் கரைசல் வேலை நடந்திராவிட்டால் நிலாவரைக் கேணியும் இல்லை, எங்கள் கிணறுகளில் தண்ணீரும் இல்லை என்பது வேறு கதை.

கண்ணுக்குத் தெரியாதவையும் இருக்கின்றன. போராமினிபெரா என்று ஒரு கலத்தாலான உயிர்கள், சுண்ணாம்பு ஓடு கட்டுபவை. சில வகை காசு அளவுக்கு வளரும். எகிப்தின் பிரமிட்டுக் கல்லில் அவை பருப்புப் போலக் கிடக்கக் கண்டு, வேலையாட்கள் சாப்பிட்டு மிச்சம் விட்டது கல்லாகிவிட்டது என்று ஊரார் சொன்னதை ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். 1955 இல் எமிலியானி என்பவர் இவற்றின் ஓட்டிலுள்ள ஒட்சிசனின் இரு வகைகளை அளந்து பழைய கடல்களின் வெப்பநிலையைக் கணித்தார். ஒரு கலத்தின் வீட்டுச் சுவரில் கடலின் சூடு பதிந்து கிடந்திருக்கிறது, பார்!

பேரனுக்குப் பெரிய மிருகம்தான் வேண்டுமென்றால் இரத்தினபுரியைச் சொல். மாணிக்கம் தோண்டுகிற குழிச் சரளையிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம் என்று எச்சங்கள் வந்தன. பி. ஈ. பி. தெரணியகலதான் அவற்றை விவரித்துப் பெயர் வைத்தவர். இன்றைக்குக் கொடியில் மட்டும் நிற்கிற சிங்கத்துக்கும் அந்தப் பட்டியலில் இடமுண்டு.

யாழ்ப்பாணக் கோட்டை மதிலில் உள்ள முருகைக்கல்லைக் காட்டி இதுவும் மயோசீன்தான் என்று அவனிடம் அடித்துவிடாதே. அது பிற்காலப் பவளம், இதோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்தது.

ஆடியில் வருவதாக எழுதியிருக்கிறாய், நல்லது. பகட்டுச் சாமானெல்லாம் வேண்டாம். பத்து மடங்கு பெருப்பித்துக் காட்டுகிற கைவில்லை ஒன்று வாங்கிவா, என்னிடம் இருப்பதில் கீறல் விழுந்துவிட்டது. அங்கே பொறுக்கின எலும்புத் துண்டு ஏதும் பெட்டிக்குள் போட்டுவிடாதே. அல்பேர்ட்டாவில் உயிர்ச்சுவடுகள் மாகாணத்துக்குச் சொந்தம், அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது. பெடியனுக்கும் இப்போதே சொல்லி வை, அழப்போகிறான்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் நண்பன்,
நடேசு