வீட்டுக்கு முன் தெருவைப் பார்

நங்கநல்லூர், சென்னை
செப்டம்பர் 14, 2025

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. கிண்டி அலுவலகத்துக்கு மாற்றல் உறுதியாகிவிட்டது, வரும் ஏப்ரலில் சேர வேண்டும், உன் வீட்டுக்காரர் அண்ணனுக்கும் ஸ்ரீபெரும்புதூரில் வேலை அமைந்துவிட்டது என்றெல்லாம் படித்தபோது, பாளையங்கோட்டையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நாம் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் ஒரே ஊரில் இருக்கப் போகிறோம் என்ற மகிழ்ச்சியில் அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். மாமனாருக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

நீ அனுப்பியிருந்த விளம்பரத்தைப் பார்த்தேன். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் நீச்சல் குளமும் விளையாட்டுத் திடலும் இருக்கின்றன, வாடகையும் கட்டுப்படியாகிறது. ஆனாலும் அதற்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்றே எழுத உட்கார்ந்தேன். குடும்பத்தோடு சென்னைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வீட்டைப் பிடித்துவிட்டு, அதன் பிறகு பள்ளியையும் மருத்துவரையும் தேடி அலைகிறார்கள். இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நீயும் அண்ணனும் எப்படியும் வண்டியேறிப் போகிறவர்கள். அரை மணி நேரம் கூடினாலும் உங்களால் தாங்க முடியும். ஏழாம் வகுப்புக்குப் போகும் மகளும், இரண்டாம் வகுப்புக்குப் போகும் மகனும், முழங்கால் வலியோடு இருக்கும் உன் அத்தையும் பகல் முழுவதும் அந்தப் பகுதியில்தான் இருக்கப் போகிறார்கள். அவர்கள் நடந்து போகும் தொலைவில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் நாம் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே பள்ளியில் தொடங்கு. இரண்டாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் யாராவது மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனால்தான் இடம் காலியாகும் என்பதால், இருவருக்கும் ஒரே பள்ளியில் இடம் கிடைப்பது எளிதல்ல. பிடித்த மூன்று பள்ளிகளில் இப்போதே விசாரித்து வைத்துக்கொள். பிறகு ஒரு வேலை நாளில் காலை எட்டு மணிக்கு அந்தப் பள்ளியின் வாசலுக்குப் போய் நின்று, அங்கிருந்து நீ பார்க்கப் போகும் தெரு வரை நடந்து பார். நடைபாதையை டிரான்ஸ்பார்மரும் நிறுத்தி வைத்த வண்டிகளும் அடைத்துக்கொண்டிருந்தால், குழந்தைகள் வேன்களுக்கும் தண்ணீர் லாரிகளுக்கும் நடுவே தார்ச்சாலையில்தான் நடக்க வேண்டியிருக்கும். நடுவில் ஒரு பெரிய சாலையைக் கடக்க வேண்டுமென்றால், அரை கிலோமீட்டரில் இருக்கும் பள்ளியும் தொலைவில் இருப்பதாகத்தான் பொருள். அதே தெருவுக்கு மாலை ஆறரை மணிக்கு மறுபடியும் போ. சிறுவர்கள் ஷட்டில் ஆடுகிறார்களா, வயதான பெண்கள் தனியாகக் கோயிலுக்கு நடந்து போகிறார்களா என்று பார்த்தால், அந்தத் தெரு குடும்பங்களுக்கு ஏற்றதா என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனம் வராது. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியதை நீ நேரில் பார்த்தவள். ஆற்று வெள்ளம் பெரும்பாலும் வந்த வேகத்தில் வடிந்துவிடும். இங்கேயோ, அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர்ப் பக்கங்களில் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கி நின்றது. தென்சென்னையின் ஏரிகள் பலவும் ஒன்றிலிருந்து ஒன்றாக நிரம்பிக் கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில்தான் வந்து சேரும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த அந்தச் சதுப்பு நிலம், ஒரு காலத்தில் பரந்திருந்த பரப்பில் சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. சுற்றியுள்ள தாழ்ந்த நிலமெல்லாம் வீடுகளாகிவிட்டதால், வரும் நீருக்குப் போக வழியில்லை. நீ அனுப்பிய விளம்பரத்திலுள்ள இடமும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது.

ஆனால் பகுதியின் பெயரை மட்டும் கேட்டு எந்த இடத்தையும் ஒதுக்கிவிடவும் கூடாது, வசந்தி. ஒரே பகுதியில் ஒரு தெரு மூழ்கும். அடுத்த தெரு நனைந்ததோடு சரி. தெருவுக்குள் நுழைந்ததும், பழைய வீடுகளின் வாசல் சாலையை விடத் தாழ்ந்திருக்கிறதா என்று பார். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே தார் போட்டதால் சாலை உயர்ந்து, வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்ட தெருக்கள் இங்கே ஏராளம். சுற்றுச்சுவரில் பாசிக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார். மின்சார மீட்டர் பெட்டி தலைக்கு மேலே மாட்டப்பட்டிருந்தால், 2015 வெள்ளத்துக்குப் பிறகு மாற்றியதா என்று கேள். சம்ப்பின், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின், மூடி தரைமட்டத்தில் இருந்தால், தெருவில் நிற்கும் சாக்கடைத் தண்ணீர் குடிநீரோடு கலக்கும். இவற்றையெல்லாம் புரோக்கரிடம் கேட்பதில் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடமும் ஆவின் பூத்காரரிடமும் கேட்டால், எந்த வீட்டில் எந்தப் படி வரை தண்ணீர் ஏறியது என்று கை காட்டியே சொல்லிவிடுவார்கள்.

மழையில் மூழ்கும் இதே ஊர்தான் 2019 கோடையில் குடிநீருக்குத் தவித்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரும் நிலை வந்தது. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்துப் பெரிய குடியிருப்புகள் பல இன்றைக்கும் டேங்கர் லாரியை நம்பித்தான் இருக்கின்றன; அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் வந்து ஏறும். எனவே மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் இணைப்பு உண்டா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, போர்வெல் தண்ணீர் உப்பா என்று கேள். ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தும் பார்த்துவிடு.

இனி, எந்தப் பகுதி என்று நேரடியாகக் கேட்டிருந்தாய். கே.கே.நகர், அசோக் நகரை முதலில் சொல்வேன். வீட்டுவசதி வாரியம் திட்டமிட்டு அமைத்த பகுதிகள் என்பதால் தெருக்கள் அகலமாகவும் நேராகவும் இருக்கும். சிவன் பூங்காவில் அத்தை காலையில் நடக்கலாம். அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிக்கு நல்ல பெயர் உண்டு. மகளை அங்கே சேர்ப்பதைப் பற்றியும் யோசி. போரூர், பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூர் போவது அண்ணனுக்கும் சுலபம். வாடகைதான் கூடுதல். அது கட்டுப்படியாகாவிட்டால் குரோம்பேட்டையைப் பார். ரயிலேறினால் நீ கிண்டிக்குப் போய்விடலாம்; அண்ணன் பல்லாவரம், குன்றத்தூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகலாம்; அரசு மருத்துவமனையும் அருகிலேயே இருக்கிறது. தெற்கே போகும் பேருந்துகள் 2023 கடைசியிலிருந்து கிளாம்பாக்கத்திலிருந்துதான் புறப்படுகின்றன, நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கிறது என்பதால், ஊருக்குப் போய்வருவதற்கும் அந்தப் பக்கம் வசதி. எங்கள் நங்கநல்லூரில் கோயில்களும் கடைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ரயிலும் மெட்ரோவும் இருக்கின்றன. ஆனால் பல தெருக்கள் குறுகியவை, பெருமழையில் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிடும். நீ பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும், உன் குழந்தைகளின் பள்ளி எங்கே அமைகிறதோ அங்கேதான் நீ இருக்க வேண்டும்.

அட்வான்ஸ் பற்றி ஒரு சொல். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனாலும் ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்கும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. பேசிக் குறைக்கலாம், தயங்காதே. ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிப் பதிவு செய்துகொள்.

ஏப்ரலில்தான் வரப் போகிறோம் என்று மார்ச் வரை காத்திருக்காதே. கோடையில் பார்த்தால் எல்லாத் தெருவும் நல்ல தெருவாகத்தான் தெரியும். நவம்பரில், நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாளாகப் பார்த்து நீயும் அண்ணனும் வாருங்கள். வெள்ளி காலை பள்ளிகளையும், சனிக்கிழமை தெருக்களையும் பார்த்துவிடலாம். அத்தையையும் அழைத்து வந்தால் மிக நல்லது, அவரால் ஏற முடியாத படிகளை அவரே காட்டிவிடுவார். எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். அதற்குள் நீ குறித்து வைத்த பள்ளிகளின் பெயர்களை எனக்கு எழுதி அனுப்பு. இரண்டு வகுப்புகளிலும் இடம் உண்டா என்று நானே நேரில் போய்க் கேட்டு வைக்கிறேன்.

அத்தைக்கும் அண்ணனுக்கும் என் வணக்கம். குழந்தைகளுக்கு அன்பு.

என்றும் உன்,
கோமதி