வாடகைக்கு இருப்பவருக்கும் ஒரு வாக்கு: குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்களைக் குறை சொல்லித் தீர்ப்பதற்காக இந்த மடலை எழுதவில்லை. நீங்கள் பார்க்கும் வேலைக்குச் சம்பளம் கிடையாது. நன்றி என்ற ஒரு சொல்லும் அநேகமாகக் கிடையாது. தண்ணீர் வராத அன்று விடியற்காலையில் உங்கள் கைபேசிதான் அடிக்கிறது. வந்த அன்று யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. கணக்கு கொஞ்சம் இடித்தாலும் நாலு பேர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் சங்கத்தை நடத்துகிறீர்கள் என்பதாலேயே உங்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது.

வாடகை வீடுகளிலேயே காலம் கழித்தவன் நான். தெரு மாறும்போதெல்லாம் சங்கமும் மாறும். கூட்டத்தில் என் இடம் மட்டும் மாறாது, கடைசி வரிசைதான். எல்லா இடத்திலும் நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய ஒன்றே: தெருவிளக்கு, குப்பை, சாக்கடை, வண்டி நிறுத்துமிடம், நாய். தேவையான வேலைகள்தாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிரலில் மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடினால், சந்தா பாக்கி வைத்திருப்போர் பட்டியலில் மட்டும்தான் அகப்படுகிறார்கள்.

ஓர் ஆண்டுப் பொதுக்குழுவை இங்கே சொல்ல வேண்டும். வண்டி நிறுத்தும் பிரச்சினை நெடுநேரம் இழுத்துக்கொண்டே போனது. புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினார். பகலில் காலியாகக் கிடக்கும் இடங்களைப் பகிர்ந்துகொள்ளலாமே என்று ஆரம்பித்தார். செயலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நீங்கள் வீட்டு உரிமையாளரா, அம்மா?" என்று கேட்டார். குரலில் கடுமை ஏதும் இல்லை. பதிவேட்டில் சரிபார்க்கிற தொனிதான். "இல்லை, வாடகைக்கு இருக்கிறோம்." "அப்படியானால் உரிமையாளரிடம் சொல்லி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்." அவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடித்து அடுக்க நின்றவர்களில் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டு அவர் வரவில்லை. அதே செயலாளர் அந்தக் கூட்டத்தில் "இளைய தலைமுறை யாரும் முன்வருவதில்லை" என்று வருத்தப்பட்டார்.

என் கோரிக்கை இதுதான்: குடியிருக்கும் எவரும் முழு உறுப்பினராகலாம், வாக்களிக்கலாம், பொறுப்புக்கு வரலாம் என்று விதியைத் திருத்துங்கள்.

"வாடகைக்கு இருப்பவர் இன்று இருப்பார், நாளை போய்விடுவார்" என்பீர்கள். போகட்டுமே. இருக்கிற வரையில் அதே படியில்தானே ஏறி இறங்குகிறார்? சொல்லப்போனால், வெளியூரில் இருந்துகொண்டு வாடகையை மட்டும் வாங்கும் உரிமையாளரைவிட, அடைத்துக்கொண்ட சாக்கடை பக்கத்தில் இருப்பது அவருக்குத்தான். சொத்தின் மதிப்பைத் தொடும் விஷயங்களை, பெரிய கட்டடச் செலவு போன்றவற்றை, உரிமையாளர்களின் தனி வாக்கெடுப்புக்கு ஒதுக்கிவையுங்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மற்றதெல்லாம் எல்லோருக்கும் பொது.

இதை நியாயம் என்பதற்காக மட்டும் கேட்கவில்லை. 1995 ஜூலையில் சிகாகோ நகரை வெப்ப அலை தாக்கியபோது வழக்கத்தைவிட 700-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். தனியாக வாழ்ந்த முதியவர்கள் அதில் பெருமளவு. எரிக் கிளினென்பர்க் என்ற சமூகவியலாளர் அடுத்தடுத்து இருந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டிலும் வறுமை உண்டு, தனித்து வாழும் முதியவர்களும் உண்டு. ஆனால் நார்த் லாண்டேலில் இறப்பு விகிதம் சவுத் லாண்டேலைப் போலப் பல மடங்கு. முதல் பகுதியில் ஆலைகளும் கடைகளும் மூடிப்போய், வீடுகள் காலியாகி, வெளியே வரவே முதியவர்கள் அஞ்சினார்கள். இரண்டாவதில் தெரு நிறைய ஆள்நடமாட்டம். கடைக்குப் போய்வரும் வழியில் நாலு பேர் முகம் பார்த்தார்கள். உயிரைக் காத்தவற்றில் அந்த நடமாட்டமும் ஒன்று. அதனால்தான், தெருவை மறித்து இன்னொரு இரும்புக் கதவு போடலாம் என்று எந்தச் சங்கமாவது தீர்மானம் போடும்போது எனக்குப் பகீரென்கிறது.

அதே 1995-இல், ஜனவரி 17 அன்று அதிகாலை, ஜப்பானின் கோபே பகுதியில் நிலநடுக்கம். 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தவர்கள் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான். தீயணைப்புப் படையும் ராணுவமும் அதற்குப் பிறகுதான். நிலநடுக்கத்தின் மையத்துக்கு அருகே, அவாஜி தீவில் ஹோகுதான் என்று ஒரு சிற்றூர். அங்கே தன்னார்வத் தீயணைப்புக் குழுவினருக்கு எந்த வீட்டில் யார் எந்த அறையில் படுத்திருப்பார் என்பதுவரை தெரிந்திருந்தது. எங்கே தோண்டுவது என்று யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டியிருக்கவில்லை. தேடும் வேலை அன்று பிற்பகலுக்குள் முடிந்துவிட்டது. நம் நகரங்களில் அந்த அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மேல்மாடியில் இருப்பவருக்குப் படியிறங்க முடியுமா, முடியாதா என்பதாவது நமக்குத் தெரிய வேண்டாமா? வாடகைக்கு இருப்பவர்களை உறுப்பினராகவே கருதாத சங்கத்துக்கு இது எப்படித் தெரியும்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த 'தெரிந்துகொள்வது' எளிதில் கெட்டுப்போகும் சரக்கு. அதே ஜப்பானில் 1940-இல் அக்கம்பக்கக் குழுக்களை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. பங்கீட்டுப் பொருள் விநியோகம் அவற்றின் வழியாக நடந்தது. யார் என்ன பேசுகிறார் என்று கண்காணிப்பதும் அவற்றின் வழியாகவே நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947-இல், தோற்ற ஜப்பானை நிர்வகித்த நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் அவற்றைக் கலைக்கச் சொன்னது. ஆகவே சங்கப் பதிவேட்டில் யார் வீட்டுக்கு யார் வந்துபோகிறார்கள் என்பதற்கெல்லாம் இடமே இருக்கக் கூடாது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், என்ன உதவி தேவைப்படலாம், இந்த இரண்டு போதும். அதுவும் அவரவர் விரும்பிக் கொடுத்தால். கேமரா பொருத்துவதற்குக் கிடைக்கும் ஆர்வத்தில் கால்வாசியாவது, புதிதாகக் குடிவந்தவரின் கதவைத் தட்டி அறிமுகம் செய்துகொள்வதற்குக் கிடைத்தால் நன்றாயிருக்கும்.

எல்லோரும் எல்லோருக்கும் நண்பராக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அந்தக் கனவோடு சங்கம் தொடங்குகிறவர்கள் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். 1997-இல் சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இருந்து, பொதுநன்மைக்காகக் குறுக்கிட்டுக் கேட்கத் தயங்காத பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. வறுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படித்தான். பெயர் தெரிந்து, தேவைப்பட்டால் கதவைத் தட்டக் கூச்சமில்லாமல் இருந்தால் பெரும்பாலும் போதும்.

ஆள் கிடைப்பதில்லை என்ற உங்கள் குறைக்கும் வழி இங்கேதான் இருக்கிறது. ஒருவரை ஆண்டுக்கணக்கில் பொருளாளராக இருக்கச் சொன்னால் யார் வருவார்கள்? ஒரு சனிக்கிழமை காலை செடி நட வாருங்கள், இந்த ஒரு மனுவை எழுதிக் கொடுங்கள் என்று முடிவு தெரிந்த சின்ன வேலையாகக் கேட்டுப் பாருங்கள். இரவுப் பணிக்குப் போகிறவர்கள் வரமுடியாத நேரத்திலேயே கூட்டம் வைப்பதை நிறுத்துங்கள். வரவுசெலவைக் கேட்காமலேயே மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சந்தேகம் வந்த பிறகு காட்டுகிற கணக்கை எவரும் நம்புவதில்லை. இன்னொன்று: ஒரே தலைவர் பதவியில் நெடுங்காலம் நீடிக்கும் சங்கங்களில், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மற்றவர்கள் மெல்ல மெல்லப் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். பதவிக்கு ஒரு கால வரம்பு வையுங்கள். விலகுகிறவருக்கு அது ஒரு விடுதலையும்கூட!

அடுத்த பொதுக்குழுவுக்கு முன்னால் விதித்திருத்த அறிவிப்பு அனுப்புவதற்கு உங்கள் சங்க விதிகளில் ஒரு கெடு இருக்கும். அது தவறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருத்தத்தின் வாசகத்தை எழுதித் தர நான் தயார். முன்மொழிவதற்கும் வழிமொழிவதற்கும் எனக்கு உரிமை கிடையாது. அதற்கு உங்களில் இருவர் கை தூக்க வேண்டும்.

இப்படிக்கு,
கடைசி வரிசையிலிருந்து, வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவன்