எடுத்துச் சொன்னால் தீருமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மனநலக் கட்டுரை ஃபோபியாவையும் (ஏதோ ஒன்றின் மேல் வரும் அளவுமீறிய பயம்) டெலூஷனையும் (ஆதாரம் காட்டினாலும் அசையாத பொய் நம்பிக்கை) ஒரே பத்தியில் போட்டு, இரண்டுக்கும் 'பக்குவமாக எடுத்துச் சொல்லிப் புரியவையுங்கள்' என்று ஒரே யோசனையைச் சொல்லியிருக்கிறது. இதைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். மனநலப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எடுத்துச் சொல்வதால் இரண்டுமே தீருவதில்லை. தீராததற்குக் காரணம்தான் வேறு வேறு.

கரப்பான்பூச்சியைக் கண்டு அலறி ஓடுகிறவரிடம் 'அது என்ன செய்துவிடும்?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஒன்றும் செய்யாதுதான், ஆனாலும் முடியவில்லை' என்பார். (சின்னக் குழந்தைகளுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது, அது வேறு.) ஓடியதும் படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதியே அடுத்த முறையும் ஓடச் சொல்கிறது. லிஃப்டுக்கு அஞ்சுகிறவருக்காக வீடே படியேறுவது பாசம்தான், ஆனால் பயத்துக்கு அது தீனி. அதற்காகக் கையைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளவும் கூடாது. அவர் சம்மதத்தோடு, சிகிச்சையாளர் துணையோடு, கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் பழகுவதே பலன் தரும். உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய ஒரு சிறுவனை இப்படிப் படிப்படியாகப் பழக்கிக் காட்டியது 1924-இல். ரத்தம், ஊசி என்றால் பயப்படுகிறவர்கள் மட்டும் தனி ரகம். இவர்களுக்கு முதலில் ஏறும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கமே வந்துவிடலாம். எனவே 'உடம்பைத் தளர்த்திக்கொள்' என்பது இவர்களுக்கு ஒத்துவராது. தசைகளை இறுக்கிப் பிடிக்கக் கற்றுத்தர வேண்டும்.

டெலூஷனில் 'ஒன்றும் செய்யாதுதான், ஆனாலும்' என்கிற தயக்கத்துக்கே இடமில்லை. வாழ்க்கைத்துணை துரோகம் செய்கிறார், யாரோ வேவு பார்க்கிறார்கள், தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்பதில் டெலூஷன் உள்ளவருக்கு முழு நிச்சயம். பூச்சி ஊர்வதாக நம்புகிறவர் தோல் மருத்துவரைத்தான் தேடிப் போவார். 'பிடித்துவிட்டேன்' என்று சிறு டப்பாவில் நூலும் தோல் துணுக்கும் கொண்டுவந்து காட்டுவார். மற்ற விஷயங்களில் தெளிவாக இருப்பார், வேலையில் குறை வைக்கமாட்டார். அதனாலேயே வீட்டார் 'அவர் குணமே அப்படி' என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். எதிராக ஆதாரம் காட்டினால், காட்டியவரையும் சதிகாரர் பட்டியலில் சேர்த்துவிடுவார்.

ஆகவே வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். 'தூங்காமல் தவிக்கிறீர்களே' என்று அவர் படும் வேதனையிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். சந்தேகத்துக்காக டாக்டரிடம் வர மறுப்பவர், தூக்கத்துக்காக வரக்கூடும். மருந்தைச் சாப்பாட்டில் ரகசியமாகக் கலப்பது பெரிய தவறு. விஷம் வைக்கிறார்கள் என்று நம்புகிறவருக்கு அது தெரியவந்தால் என்ன ஆகும்? முதிய வயதில் புதிதாக இப்படித் தொடங்கினால், மறதி நோயோ வேறு உடல் கோளாறோ காரணமா என்று பார்ப்பது முதல் வேலை.

கட்டுரை தொடவே தொடாத ஒன்றும் உண்டு. துணையைச் சந்தேகிக்கும் டெலூஷனில் வன்முறைக்கும் வாய்ப்பு இருக்கிறது. மிரட்டலோ அடியோ தொடங்கிவிட்டால், புரியவைக்கும் பொறுப்பைத் துணையின் தலையில் கட்டாதீர்கள். அவர் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டும். சிகிச்சைப் பேச்சை மற்றவர்கள் எடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி