ஆட்டு மூளையைக் கையில் எடு, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உசிலம்பட்டியில் விலங்கியல் முடிக்கப் போகிறாய். மூளையைப் படிக்க ஆசை. ஆனால் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்ற பெரிய இடத்தில் எம்.எஸ்சி. சேர்ந்தால், நியூரோசயின்ஸ் (நரம்பியல்) என்று பட்டத்தில் எழுதியிருக்காதே என்று தயங்குகிறாய். எழுதியிருக்க வேண்டியதில்லை. உயிரியல், இயற்பியல், கணிதம் மூன்றும் ஒரே வளாகத்தில் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதுதான் இந்தப் படிப்புக்கு முக்கியம்.

அந்த வளாகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. சமணர் மலைக் குகை வௌவால்களை வைத்து அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் மாணவர்களும் உடல் கடிகாரத்தை, அதாவது தூங்கும் நேரத்தையும் விழிக்கும் நேரத்தையும் உடலே கணக்கு வைப்பதை, ஆராய்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத இடத்தில் தனியாக அடைத்த வௌவாலின் நேரம் 24 மணிக் கணக்கிலிருந்து நழுவியது. கூட்டத்தோடு இருந்தபோது கூட்டத்தின் நேரத்தோடு ஒட்டிக்கொண்டது. 1981-ல் வெளிவந்த ஆய்வு இது. பாலூட்டிகளில் அந்தக் கடிகாரம் மூளையின் அடிப்பக்கம், பார்வை நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது. அந்த இடத்தை நீயே பார்க்க முடியும். அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. நரம்புச் செல்லின் சவ்வு பொட்டாசியத்தை மட்டும் கடக்க விட்டால், உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே எவ்வளவு மின்னழுத்தம் இருக்கும் என்று போட்டுப் பார். செல்லுக்குள் பொட்டாசியத்தின் செறிவு 140 மில்லிமோலார், வெளியே 5. உடல் வெப்பத்தில் 61.5-ஐ log(5/140)-ஆல் பெருக்கு. மைனஸ் 89 மில்லிவோல்ட் வரும். பிளஸ் வந்தால் உள்ளே வெளியே மாற்றிப் போட்டிருக்கிறாய். பெரும்பாலோர் தடுக்குவது அங்கேதான். நிஜ நரம்புச் செல் மைனஸ் 70 பக்கம் நிற்பதற்குக் காரணம், சோடியமும் கொஞ்சம் உள்ளே கசிவது. இது புரிந்தால் பாதி நரம்பியல் புரிந்த மாதிரி. முதல் செமஸ்டரிலேயே பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் பழகிக்கொள். ஆராய்ச்சிப் படிப்புக்கு உதவும் நெட், கேட் தேர்வுகளுக்கு எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் உட்கார்ந்தால் போதும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனம், ஹரியானாவின் மானேசர் மூளை ஆராய்ச்சி மையம் எல்லாம் பிஎச்டிக்கு யோசிக்க வேண்டியவை.

இப்போது மூளை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைப் பக்கம் போகாதே, கூட்டத்தில் உன் பேச்சைக் கேட்க நேரமிருக்காது. கிழமை நாளில் காலையிலேயே போய், "தலைய வாட்டாம, ரெண்டா பிளக்காம, மண்டை ஓட்டு மேல்மூடிய மட்டும் எடுத்துக் குடுங்கண்ணே" என்று கேள். வாட்டினால் மேற்பரப்பு வெந்துவிடும். நடுவில் கத்தி விழுந்தால் நீ தேடும் இடமே போய்விடும். ஐஸ் பெட்டியில் வைத்து உடனே கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டு போ. ஃப்ரீசரில் வைக்காதே. பனித்துகள் செல்களைக் கிழித்து, உருகும்போது கூழாகிவிடும்.

கையுறை போட்டுக்கொண்டு முதலில் தடித்த உறையைக் கத்தரி. பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே நுழையும் மடிப்பையும் மறக்காதே. பிறகு முன்பக்கத்து மோப்பக் குமிழிலிருந்து மெல்ல நிமிர்த்து. அடியில் இரண்டு வெள்ளை நாண்கள் எலும்புக்குள் போவது தெரியும். அவைதான் பார்வை நரம்புகள். எலும்பை ஒட்டி வெட்டி, மூளைப் பக்கம் துண்டு மிச்சம் வை. அவசரப்பட்டு இழுத்தால் அந்த இரண்டும் குறுக்கே கடக்கும் முடிச்சு பிய்ந்து மண்டை ஓட்டிலேயே தங்கிவிடும். இந்த வேலையில் அதிகம் பாழாவது அதுதான்.

மூளை அழுகாமல் இறுக, ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறவைக்க வேண்டும். 100 மில்லி ஃபார்மலினுக்கு 900 மில்லி தண்ணீர், 9 கிராம் உப்பு. ஒரு மூளைக்கு இரண்டு லிட்டர் வேண்டும். அடியில் பஞ்சு மெத்தை போடு, இல்லாவிட்டால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். இரண்டு வாரம் ஊறட்டும். மூன்றாம் நாள் திரவத்தை மாற்று. ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், ஆய்வகத்தில் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிக்குள்தான் (fume hood) செய்ய வேண்டும். வெட்டுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க ஓடும் தண்ணீரில் கழுவு. நீளக் கத்தி, ஒரே இழுப்பு. ரம்பம் மாதிரி அறுத்தால் சாம்பல் நிறப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் கலங்கிவிடும்.

மூளையைக் கவிழ்த்துப் போட்டால் X போல ஒரு முடிச்சு தெரியும். அதன் வழியாகக் குறுக்கே வெட்டு. நடுக்கோட்டில் ஒரு குறுகிய பிளவு. அதன் அடியில் இரு பக்கமும், முடிச்சுக்கு நேர் மேலே, அந்தக் கடிகாரம். வெறும் கண்ணுக்குத் தனியாகப் பிரிந்து தெரியாது. மெல்லிய சீவலாக்கி கிரெசில் வயலெட் சாயம் ஏற்றினால், நுண்ணோக்கியில் சின்னச் செல்கள் நெருக்கமாகத் திரண்டு நிற்பது தெரியும். சேர்ந்த முதல் வாரமே அந்தச் சாயம் எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்று விசாரித்து வை.

அன்புடன்,
அக்கா