பாலையாவின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர், அந்தக் காலத்தோடு நடிப்பு முடிந்துவிட்டது என்றும், இப்போது வருகிறவர்களுக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை என்றும் எழுதியிருந்தார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் 34 ஆண்டுகள் படம் ஓட்டியவன் நான். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை.

1978இல், 19 வயதில், எங்கள் ஊர்க் கொட்டகையில் உதவி ஆபரேட்டராகச் சேர்ந்தேன். ஆபரேட்டர் அறையில் இரண்டு புரொஜெக்டர்கள், வெளிச்சத்துக்காகக் கார்பன் குச்சிகள் எரியும் வெக்கை, கையகலத்துக்கு ஒரு சதுர ஓட்டை. ரீல் முடியப்போவதற்கு அடையாளமாகத் திரையின் மேல் மூலையில் புள்ளி விழுந்ததும் அடுத்த இயந்திரத்துக்கு மாற்றியாக வேண்டும். அதனால் கண் திரையை விட்டு நகராது. காது மட்டும் கீழே உட்கார்ந்திருக்கும் ஜனங்களிடம் இருக்கும். எந்த இடத்தில் கொட்டகை அடங்குகிறது, எந்த இடத்தில் பெஞ்சுகள் கிறீச்சிடுகின்றன என்பதெல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியும்.

பழைய படங்கள் என்று இன்று நாம் கொண்டாடுபவை புடைத்து எடுத்த மணிகள். பதரையும் ஓட்டியவன் நான். நான்கு பாட்டு, மூன்று சண்டை, கதாநாயகன் வாய் திறந்தாலே வசனம் என்று வந்து, மூன்றாம் நாள் படப்பெட்டியை முதல் பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கட்டித் திருப்பி அனுப்பிய படங்கள் எத்தனையோ. அவற்றின் பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில்லை. அந்தப் பக்கத்தில் மணியை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்தப் பக்கத்தில் பதரை மட்டும் எடுத்துத் தராசில் வைத்தால் எப்படி?

நாங்கள் அடிக்கடி காலைக்காட்சியாகப் போட்ட படம் ‘காதலிக்க நேரமில்லை’. 1964இல் ஸ்ரீதர் எடுத்தது. அதில் மகன் நாகேஷ் தாம் எடுக்கப்போகும் பேய்ப் படத்தின் கதையை அப்பா பாலையாவிடம் சொல்லும் காட்சி எல்லோருக்கும் தெரியும். பேசுவது, சத்தம் எழுப்புவது எல்லாம் நாகேஷ்தான். பாலையா கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவே. முதலில் ஏனோதானோ என்று கேட்கிறார். பிறகு கண் லேசாக விரிகிறது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெரிய உடம்பு முழுவதையும் பயம் பிடித்துக்கொள்கிறது. அந்தக் காட்சி வந்தால் முறுக்கு விற்பவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிடுவார். ஒரு நாள் நானும் பார்த்துக்கொண்டே கார்பனை நகர்த்த மறந்துபோனேன். எரிய எரியக் குச்சிகளை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும்; இல்லையென்றால் வெளிச்சம் போய்விடும். திரை மஞ்சளித்து மங்கியது. மற்ற நேரமாக இருந்தால் கூரை பறக்கும் அளவுக்கு விசில் வந்திருக்கும். அன்று ஒருவரும் கத்தவில்லை. பெரிய ஆபரேட்டர் வந்து என் தோளைத் தட்டிய பிறகுதான் கை அசைந்தது.

இந்தப் பாலையா நாடக மேடையிலிருந்து வந்தவர். எம்.ஜி.ஆருக்கு முதல் படமான, 1936இல் வந்த ‘சதி லீலாவதி’தான் இவருக்கும் முதல் படம். கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்கும் எட்டும்படி பேசிப் பழகிய தலைமுறை அது. அப்படிப்பட்டவர் வாயை மூடிக்கொண்டு ஒரு கொட்டகையையே கட்டிப்போட்டார். ஆகையால் உரத்த குரல்தான் அந்தக் கால நடிப்பு என்று சொல்வது அவர்களுக்கே நாம் செய்யும் குறை.

இப்போது இன்றைய நடிகர் எம்.எஸ்.பாஸ்கருக்கு வருகிறேன். பல ஆண்டுகள் பிறருடைய முகங்களுக்குக் குரல் கொடுத்தவர். ‘பார்க்கிங்’ படத்தை மகள் வீட்டில் பார்த்தேன். நேர்மையான அரசு அதிகாரி, கார் நிறுத்தும் இடத்துக்காக மாடிவீட்டுப் பையனோடு மல்லுக்கு நிற்கிறார். நல்ல மனிதர் ஒருவர் நாளுக்கு நாள் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போவதை, தாடையை இறுக்கிக்கொண்டு நிற்கும் நிலையிலேயே காட்டிவிடுகிறார். அதற்குத் துணை நடிகருக்கான தேசிய விருது 2025இல் அறிவிக்கப்பட்டபோது, என் வீட்டில் ஒருவருக்குக் கிடைத்தது போல இருந்தது. பாலையா பார்த்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பார்.

எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்தில் எடுத்த ‘கடைசி விவசாயி’யில் நல்லாண்டி ஐயா என்று ஒரு பெரியவர். நடிப்பே தொழிலாக இல்லாத விவசாயி. படம் வெளிவரும் முன்பே காலமாகிவிட்டார். தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு அவர் மறைவுக்குப் பிறகு வந்தது. படத்தில், மயிலைக் கொன்றதாகப் போலீஸ் பிடித்து வைத்திருக்கும்போதும் அவர் கவலை எல்லாம் பயிருக்குத் தண்ணீர் பாய வேண்டுமே என்பதில்தான். என்னோடு படம் பார்த்த அண்ணன் இன்றும் வயலில் இறங்குகிறவர். “இவர் நடிக்கவில்லை தம்பி, வெள்ளாமையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்றார். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கண் கலங்கியிருந்தது. இதைப் பார்த்த பிறகும் நடிப்பு செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். ‘இன்றைய படங்கள்’ பகுதியில் நாயகன், நாயகி பெயர்களை மட்டுமே போடுகிறீர்கள். முந்தாநாள் ‘காதலிக்க நேரமில்லை’ என்று போட்டு, எதிரில் முத்துராமன், ரவிச்சந்திரன், காஞ்சனா என்று இருந்தது. அவர்கள் பெயர் இருக்க வேண்டியதுதான். பாலையா எங்கே? நாகேஷ் எங்கே? ‘தில்லானா மோகனாம்பாள்’ வரும் நாளில் சிவாஜி, பத்மினிக்கு அடுத்து மனோரமா பெயர் இல்லாவிட்டால், பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த அந்தச் சிரிப்பைக் கேட்ட என் காது எப்படிப் பொறுக்கும்? புதுப் படங்களுக்கும் அப்படியே அப்பாவாக, அத்தையாக, டீக்கடைக்காரராக வருகிறவர்களின் பெயரைச் சேருங்கள். அந்த வரியில் இன்னும் இரண்டு பெயருக்கு இடம் இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திரையரங்க ஆபரேட்டர்,
உசிலம்பட்டி வட்டம்.